தட்டு ஒன்று, படிப்பவர் இருபது பேர்

வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் காலம் வந்துவிட்டால் மன்னார்குடி வட்டாரத்தில் ஊழியம் செய்யும் தோழர்களுக்குத் தூக்கம் கிடையாது. வரைவுப் பட்டியல் வெளியாகும். ஆட்சேபணைக்கும் சேர்ப்புக்கும் எண்ணி எண்ணி நாட்கள் கொடுப்பார்கள். அந்த நாட்களுக்குள் தெருத் தெருவாகப் பார்த்தாக வேண்டும். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன வாலிபனின் பெயரை அடித்துவிட்டார்களா? செத்துப்போனவர் பெயர் இன்னும் இருக்கிறதா? கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் ஏறிவிட்டதா? பார்த்து, 6ஆம் நம்பர் படிவமோ 7ஆம் நம்பர் படிவமோ 8ஆம் நம்பர் படிவமோ எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டிவிட்டால் ஒரு விவசாயத் தொழிலாளியின் ஓட்டு போனது போனதுதான்.

இந்தப் பட்டியலை அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குத் தேர்தல் இலாகா அச்சுக் கட்டாகவும் சி.டி. தட்டாகவும் பல ஆண்டுகள் கொடுத்து வந்தது. கட்டு ஓர் ஆள் சுமை. தட்டு உள்ளங்கை அகலம். 167ஆம் நம்பர் மன்னார்குடித் தொகுதியின் பாகங்கள் தனித்தனிப் பைல்களாக அதில் அடங்கிவிடும். ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக்கொண்டு பார்த்தால் ஒரு வார வேலை இரண்டு நாளில் முடியும். ஆனால் நடப்பது என்ன? காரியாலயத்தில் நாலு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. தட்டுப் போடும் டிரைவ் ஒன்றில் மட்டும்தான் இருக்கிறது. அதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். நாலு பேர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். மற்ற மூன்று யந்திரங்களும் சும்மா கிடக்கின்றன.

இதற்குக் கடைக்காரர் சொல்லும் யோசனை: யந்திரத்துக்கு ஒன்றாக வெளி டிரைவ் வாங்குங்கள், தட்டையும் நாலு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல யோசனைதான், அவருக்கு! நாம் சொல்கிறோம்: ஒரு காசு செலவு வேண்டாம். ஒரு டிரைவ் போதும், ஒரு தட்டு போதும். அந்தத் தட்டை நாலு யந்திரங்களும், வேண்டுமானால் இருபது யந்திரங்களும், ஒரே நேரத்தில் படிக்க முடியும். யூனிக்ஸ் வம்சத்தைச் சேர்ந்த எந்த யந்திரத்துக்கும் இது பழகிப்போன வேலை. இன்று நம்மிடம் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். இது எப்படி நடக்கிறது என்பதை ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் புரிந்துகொள்ள வேண்டும். புரியாதவரை கடைக்காரர் சொன்னதுதான் சட்டமாக இருக்கும்.

முதலில் தட்டைப் பார்ப்போம். 12 சென்டிமீட்டர் குறுக்களவு, 1.2 மில்லிமீட்டர் கனம். பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அதன்மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் மெல்லிய உலோகப் பூச்சு, அதற்கும் மேல் வார்னிஷ் போன்ற ஒரு பூச்சு. நடுவிலிருந்து வெளிவிளிம்பு வரை ஒரே சுருள் தடம். அதை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆலையில் அச்சிட்டு வரும் தட்டில் அந்தத் தடம் நெடுகக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கும். வீட்டிலும் கடையிலும் எழுதும் தட்டில் குழிகளுக்குப் பதில் சாயத்தில் சுட்ட புள்ளிகள் இருக்கும். லேசர் ஒளி அவற்றைத் தடவிப் படிக்கிறது. சங்கீதத்துக்காகப் பிலிப்ஸ், சோனி என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து செய்த இந்தத் தட்டு 1982ல் கடைக்கு வந்தது. கம்ப்யூட்டர் விஷயங்களை ஏற்றுவதற்கும் விரைவில் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தட்டில் 650 முதல் 700 மெகாபைட் வரை கொள்ளும்.

ஆனால் ஏற்றி வைத்தால் மட்டும் போதுமா? எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு வேண்டுமே! கொள்முதல் நிலையத்தில் எந்த அடுக்கில் எந்த ஊர் மூட்டை என்று ஏடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. ஒருவன் எழுதிய தட்டை மற்றவன் யந்திரம் படிக்காது. இப்படியே போனால் யாருக்கும் வியாபாரம் நடக்காது என்று தெரிந்த பிறகு, 1985ல் அமெரிக்காவில் நெவாடா மாகாணத்தில் ஹை சியரா என்ற ஹோட்டலில் கூடி ஒரு பொது முறைக்கு ஒப்புக்கொண்டார்கள். அதைக் கொஞ்சம் திருத்தி 1988ல் சர்வதேசத் தர ஸ்தாபனம் ஐ.எஸ்.ஓ. 9660 என்ற பெயரில் வெளியிட்டது. போட்டி போட்டுக்கொண்டிருந்தவர்கள் பொதுக் கணக்கை ஏற்றது தர்ம சிந்தனையால் அல்ல, வேறு வழியில்லாததால். எப்படியோ, அதனால்தான் சென்னையில் எழுதிய தட்டு மன்னார்குடியிலும் மாஸ்கோவிலும் படிக்கிறது.

இனி யூனிக்ஸ் விஷயத்துக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் பழகியது விண்டோஸ். அதில் ஹார்ட் டிஸ்குக்கு ஓர் எழுத்து, தட்டுக்கு ஓர் எழுத்து, பென் டிரைவுக்கு ஓர் எழுத்து. ஒவ்வொன்றும் வேலி போட்ட தனித்தனிப் பண்ணை. யூனிக்ஸில் அப்படி இல்லை. ஒரே ஒரு மரம்தான். அதற்கு வேர் ஒன்று. போல்டர்கள் கிளைகள், பைல்கள் இலைகள். எத்தனை டிஸ்க் சேர்த்தாலும் எல்லாம் அந்த ஒரே மரத்தில் எங்காவது ஒரு கிளையாகத்தான் வந்து ஒட்ட வேண்டும்.

தட்டை டிரைவில் போட்டவுடன் அது மரத்தில் சேர்ந்துவிடாது. வெறும் போல்டர் ஒன்றை முன்னதாகவே உண்டாக்கி வைத்துக்கொண்டு, ‘இந்த டிரைவில் இருக்கும் தட்டை இந்தப் போல்டரில் இணை’ என்று கட்டளை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைக்குப் பெயர் மவுண்ட். பாமணியாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் வெட்டிக் கிடக்கிறது. தண்ணீர் இல்லை. மதகைத் திறந்தால் ஆற்றுத் தண்ணீர் அதற்குள் வருகிறது. வயலில் நிற்பவனுக்கு இது ஆற்றுத் தண்ணீரா வாய்க்கால் தண்ணீரா என்ற வித்தியாசம் கிடையாது. மதகை அடைத்தால் பழையபடி வெறும் வாய்க்கால். அந்தப் போல்டரில் ஏற்கெனவே ஏதாவது பைல் கிடந்தால்? வாய்க்காலில் கிடந்த சருகு தண்ணீருக்கடியில் மறைவதுபோல் மறைந்திருக்கும், அழியாது. மதகை அடைத்தபின் மீண்டும் தெரியும். இதைத் தெரியாமல் ‘என் பைலைக் காணோம்’ என்று கூச்சல் போட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இணைக்கும்போது மூன்று விவரங்கள் சொல்ல வேண்டும்: தட்டின் கணக்கு முறை ஐ.எஸ்.ஓ. 9660 என்பது ஒன்று, எந்த டிரைவ் என்பது ஒன்று, எந்தப் போல்டரில் என்பது ஒன்று. கூடவே ‘படிக்க மட்டும்’ என்றும் சொல்லிவிடுவது நல்லது. அச்சிட்டு வந்த தட்டில் எழுத முடியாதென்பது வாஸ்தவம். இருந்தாலும் சொல்லிவிட்டால் யந்திரம் எழுத முயன்று முனகாது.

மவுண்ட் செய்யும் அதிகாரம் சாதாரணமாக யந்திரத்தின் நிர்வாகிக்குத்தான் உண்டு. மற்றவர்களும் செய்யலாம் என்று அனுமதிக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு ஏடு இருக்கிறது. அதில் அந்த டிரைவுக்குரிய வரியில் ‘யூசர்’ என்று எழுதினால் யார் இணைத்தாரோ அவர்தான் அவிழ்க்கலாம், அல்லது நிர்வாகி அவிழ்க்கலாம். ‘யூசர்ஸ்’ என்று ஓர் எழுத்துக் கூட எழுதினால் யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம். எது நல்லது? முதலாவதுதான் என்பது நம் கட்சி. இருபது பேர் வேலை செய்யும் கூடத்தில் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் சாவி கொடுத்தால் டீ குடிக்கப் போகிற போக்கில் யாராவது மதகை அடைத்துவிட்டுப் போவார்கள்.

அவிழ்ப்பதற்குக் கட்டளை யூமவுண்ட். ‘அன்மவுண்ட்’ என்று இருந்திருக்க வேண்டியதில் ஓர் எழுத்தை முழுங்கிவிட்டார்கள். அந்தக் காலத்து டைப் மெஷினில் விரல் நோகாமல் இருக்கச் செய்தார்களோ என்னவோ! தட்டு இணைந்திருக்கும்வரை டிரைவின் பொத்தானை அழுத்தினாலும் சாதாரணமாகக் கதவு திறக்காது. யாராவது அந்தப் போல்டருக்குள் இருந்துகொண்டு ஒரு பைலைத் திறந்து வைத்திருந்தால் யூமவுண்டும் நடக்காது. ‘வேலையில் இருக்கிறது’ என்று யந்திரம் பதில் சொல்லும். யந்திரம் கெட்டுவிட்டது என்று அடிக்க வேண்டாம். யார் உள்ளே இருக்கிறார் என்று பார்த்து அவரை வெளியே வரச் சொன்னால் தீர்ந்தது.

இதுவரை சொன்னது ஒரு யந்திரத்துக்குள். நமக்கு வேண்டியது நாலு யந்திரங்கள். பழைய ஆலைகளில் ஒரே எஞ்ஜின் இருக்கும். கூரைக்கடியில் நீளமாக ஓடும் தண்டிலிருந்து பட்டை போட்டு வரிசை வரிசையாகத் தறிகள் ஓடும். தறிக்குத் தறி எஞ்ஜின் வைக்கவில்லை. அதே காரியத்தைப் பைல்களுக்குச் செய்வதுதான் என்.எப்.எஸ். என்ற முறை. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி 1980களின் நடுவில் இதைக் கொண்டுவந்தது. அன்றைக்கு யூனிக்ஸ் யந்திரம் ஒன்றின் விலை சாமானியமானதல்ல, தட்டு டிரைவும் அப்படியே. ஆகவே ஒரு யந்திரத்தில் டிரைவ் வைத்து, பரிசோதனைச் சாலை முழுவதும் அதைப் படிப்பது அங்கே வழக்கமாயிற்று. அவர்கள் பணக்கார தேசம். அவர்களே யந்திரத்துக்கு ஒரு டிரைவ் வாங்கவில்லை, நாம் ஏன் வாங்க வேண்டும்?

செய்யும் விதம் இதுதான். டிரைவ் உள்ள யந்திரத்தில் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்ற ஏட்டில் ஒரு வரி: இன்ன போல்டரை, இன்ன இன்ன யந்திரங்களுக்கு, படிக்க மட்டும் கொடுக்கிறோம். மற்ற யந்திரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வெறும் போல்டர். அதில் அந்த முதல் யந்திரத்தின் போல்டரை மவுண்ட் செய்கிறோம். ஆம், அதே கட்டளைதான். தட்டு தன் டிரைவில் இருந்தாலும் சரி, கூடத்தின் மறுகோடியில் இருந்தாலும் சரி, யூனிக்ஸுக்கு அது மரத்தில் இன்னொரு கிளை. பட்டியல் படிக்கும் தோழருக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. தட்டு இணைந்திருக்கும் போல்டரைச் சொல்லாமல், அதற்கு மேலே உள்ள பெரிய போல்டரை மட்டும் பகிர்ந்தால், மற்ற யந்திரத்தில் போய்ப் பார்க்கும்போது தட்டின் இடத்தில் வெறும் போல்டர்தான் தெரியும். தாய் வாய்க்காலைத் திறந்தால் கிளை வாய்க்கால் தானாகத் திறந்துகொள்ளும் என்று நினைக்கக் கூடாது. கிளையின் பெயரையும் தனியாக எழுத வேண்டும். இதற்கென்று வேறு விருப்பச் சொற்கள் உண்டென்றாலும் நேராக எழுதுவதே குழப்பமில்லாதது. இரண்டாவது, இந்நாளைய லினக்ஸில் தட்டைப் போட்டவுடன் அதுவே இணைத்துத் திரையில் படம் காட்டுகிறது. சௌகரியம்தான். ஆனால் அப்படி இணைவது அப்போது யந்திரத்தில் உட்கார்ந்திருப்பவரின் சொந்த இடத்தில், அவருக்கு மட்டும். தட்டுக்குத் தட்டு இடத்தின் பெயரும் மாறும். பொதுவில் பகிர அது உதவாது. ஒரு நிலையான போல்டரில் கையால் இணைப்பதே முறை. மூன்றாவது, தட்டை மாற்றும் நேரம். முதலில் மற்ற யந்திரங்கள் எல்லாவற்றிலும் அவிழ்க்க வேண்டும், கடைசியில் டிரைவ் உள்ள யந்திரத்தில். தலைகீழாகச் செய்ய முயன்றால் டிரைவ் விடாது. வலுக்கட்டாயமாகச் செய்துவிட்டால் மற்ற யந்திரங்கள் இல்லாத பைலைப் பிடித்துக்கொண்டு திணறும்.

விண்டோஸ் யந்திரம் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1992ல் ஆரம்பித்த சாம்பா என்ற மென்பொருள், லினக்ஸ் யந்திரத்தை விண்டோஸ் பாஷையில் பேச வைக்கிறது. ஆரம்பத்தில் அந்தப் பாஷையின் இலக்கணம் அவர் கையில் இல்லை. கம்பியில் போகிற வருகிறதை ஒட்டுக் கேட்டே அவர் கண்டுபிடித்தார். அதே போல்டரைச் சாம்பா வழியாகவும் பகிர்ந்துவிட்டால் விண்டோஸ் யந்திரமும் தட்டைப் படிக்கும்.

ஒரு எச்சரிக்கை. வாக்காளர் பட்டியலில் பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், வீட்டு நம்பர், வயது எல்லாம் இருக்கின்றன. பகிரும் வரியில் ‘எல்லோருக்கும்’ என்று எழுதாதீர்கள். கூடத்தில் உள்ள யந்திரங்களின் எண்களை மட்டும் எழுதுங்கள். கூடத்துக்கு வெளியே பஸ் ஸ்டாண்டு வரை எட்டும் வைபை இருந்தால் இந்த வேலையைக் கம்பியில் மட்டும் செய்யுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தட்டு ஒன்றை இருபது பேர் படிக்கலாம் என்று தலைப்பில் போட்டோம். படிக்கலாம். ஆனால் இருபது பேர் இருபது பாகங்களைத் திறந்தால் டிரைவின் லேசர்க் கண் உள்ளுக்கும் வெளிக்கும் ஓடி ஓடி அலுத்துப்போகும். ஒரு பக்கம் வர நெடுநேரம் ஆகும். நாலைந்து பேருக்கு மேல் போனால் வேறு வழி பார்க்க வேண்டும். வழி இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. தட்டை முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை அப்படியே ஒரே பைலாக ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்வது. டிடி என்ற கட்டளை அதைச் செய்யும். அந்த ஒரு பைலையே தட்டாகப் பாவித்து மவுண்ட் செய்யலாம்! யூனிக்ஸ் வம்சத்தில் இது சாதாரணம். டிரைவுக்கு ஓய்வு, தட்டுக்கும் தேய்மானமில்லை. ஒன்று என்ன, ஐம்பது தட்டுகளை ஒரே நேரத்தில் ஐம்பது போல்டர்களில் இணைத்துப் பகிரலாம்.

சிலர் கேட்கிறார்கள்: ‘இவ்வளவு எதற்கு? பென் டிரைவில் போட்டு நாலு யந்திரத்திலும் ஏற்றிவிட்டால் ஆயிற்று.’ ஆயிற்று, ஒரு நாளைக்கு. மறுவாரம் துணைப்பட்டியல் வரும். ஒரு யந்திரத்தில் ஏற்றுவார்கள், மற்றொன்றில் மறப்பார்கள். ஒரு மேஜையில் வரைவு, அடுத்த மேஜையில் இறுதி என்று நாலு பேர் நாலு கணக்குச் சொல்வார்கள். இதோடு, ஊரெல்லாம் சுற்றி வரும் பென் டிரைவ் கொண்டுவரும் வைரஸ் வேறு. பொது இடத்தில் ஒரே பிரதி, அதுவும் யாரும் கை வைக்க முடியாத பிரதி இருந்தால் இந்தத் தகராறு இல்லை.

வேறு சிலர், ‘இப்போது எல்லாம் இன்டர்நெட்டில் கிடைக்கிறதே’ என்கிறார்கள். கிடைக்கிறது, பாகம் பாகமாக. 2025ன் கடைசியில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது என்ன கேட்டார்கள்? 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் உன் பெயரோ உன் பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய காகிதம் திடீரென்று உயிர் பெற்று ஒரு மனிதனின் ஓட்டைத் தீர்மானிக்க வந்து நின்றது! பழைய பதிவு யார் கையில் இருக்கிறதோ அவனுக்குப் பலம். கேட்கும் நாளில் யாரோ தருவார்கள் என்று காத்திருப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

மவுண்ட் என்ற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. என்ற டெலிபோன் ஏகபோகத்தின் பெல் பரிசோதனைச் சாலையில் 1969ல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவரும் அவர்கள் தோழர்களும் யூனிக்ஸை ஆரம்பித்தார்கள். டெலிபோன் தவிர வேறு வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று 1956ல் அந்தக் கம்பெனியின் கையைச் சட்டம் கட்டியிருந்தது. ஆகவே சர்வகலாசாலைகளுக்கு யூனிக்ஸ் மூலப்பிரதியோடு குறைந்த விலையில் போயிற்று. மாணவர்கள் படித்தார்கள், திருத்தினார்கள், வளர்த்தார்கள். 1984ல் கம்பெனி உடைக்கப்பட்டதும் அந்தத் தடை நீங்கியது. உடனே அது விற்பனைச் சரக்காயிற்று. அதற்கு முந்திய ஆண்டே, 1983ல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் யாரும் பூட்டு போட முடியாத ஒரு யூனிக்ஸ் போன்ற அமைப்பை எழுதப் போவதாக அறிவித்து க்னூ என்ற திட்டத்தை ஆரம்பித்தார். 1991ல் பின்லாந்தின் ஹெல்சின்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. இன்று நாம் காசில்லாமல் போட்டுக்கொள்வது இதுதான். அதை நகல் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உரிமப் பத்திரமே அப்படிச் சொல்கிறது.

நம் மாகாணத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2005 ஏப்ரலில் மத்திய சர்க்கார் சென்னையில் ஒரு தமிழ் மென்பொருள் தட்டை வெளியிட்டது. எழுத்துருக்கள், விசைப்பலகை, தமிழில் ஓபன் ஆபீஸ் முதலியவை அடங்கிய இலவசத் தட்டு. தமிழ் எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த நாளில் அது பெரிய காரியம். 2006, 2007 வாக்கில் எல்காட் ஸ்தாபனம் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. அதை நடத்திய அதிகாரி சி. உமாசங்கர், முன்பு நம் திருவாரூர் ஜில்லாவின் கலெக்டராக இருந்து தாலுகா காரியாலயங்களில் கம்ப்யூட்டரைப் புகுத்தியவர். 2007ல் சி-டாக் ஸ்தாபனத்தின் சென்னைக் கிளை ‘பாஸ்’ என்ற லினக்ஸை வெளியிட்டது. ஆக, நாம் சொல்வது சீமையிலிருந்து இறக்கிய புதுமை அல்ல. சர்க்கார் காரியாலயம் செய்ததைச் சங்கக் காரியாலயம் செய்யட்டும் என்கிறோம்.

தமிழ்ப் பெயர் வைத்த பைல்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஓ. 9660ன் கண்டிப்பான முறையில் பைலுக்கு எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்து வால், அதுவும் இங்கிலீஷ் பெரிய எழுத்தில். எட்டெழுத்தில் எந்த ஊரை எழுதுவது? யூனிக்ஸ்காரர்கள் ராக் ரிட்ஜ் என்ற சேர்க்கையைச் செய்து நீளப் பெயரையும் உரிமையாளர் விவரத்தையும் நுழைத்தார்கள். மைக்ரோசாப்ட் 1995ல் ஜோலியட் என்ற வேறொரு சேர்க்கையைச் செய்தது. அதில் தமிழும் எழுதலாம், ஆனால் 64 குறிகளுக்குள். தமிழ் உயிர்மெய்க்கு அநேகமாக இரண்டு குறி பிடிக்கும். ‘திருத்துறைப்பூண்டி’ என்று எழுதினாலே 18 போய்விடும். விண்டோஸில் எழுதிய இப்படிப்பட்ட தட்டை லினக்ஸில் போட்டுப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகத் தெரிந்தால் தட்டு கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். இணைக்கும்போது எழுத்து முறை ‘யூ.டி.எப்.8’ என்று சொன்னால் ஊர்ப் பெயர்கள் திரும்பி வரும்.

இப்போது அவசரமான விஷயம். புதிதாக வரும் மடிக் கம்ப்யூட்டர்களில் தட்டு டிரைவ் பெரும்பாலும் கிடையாது. பழைய யந்திரங்கள் எடைக்குப் போகின்றன. ஆனால் பீரோக்களில் தட்டுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தகவலைப் பிளாப்பி, டேப் முதலிய மின்னணு வடிவங்களிலும் பெறும் உரிமையைத் தந்தது. மத்திய சர்க்கார் கட்டண விதியில் பிளாப்பி ஒன்றுக்கு 50 ரூபாய் என்றே எழுதினார்கள். மனுப் போட்டு, அப்பீல் போட்டு, அலைந்து வாங்கிய தகவல்கள் தட்டுகளில் கிடக்கின்றன. நூறு நாள் வேலையின் வருகைப் பட்டியல்கள், கூலி ஒப்பந்தங்களின் நகல், குத்தகை வழக்குத் தீர்ப்புகள் கிடக்கின்றன. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் வந்து போன பிறகு விழுந்த வீட்டையும் சாய்ந்த தென்னையையும் படமெடுத்து ஸ்டூடியோவில் தட்டாக எழுதி வாங்கியவர்கள் உண்டு. இந்தத் தட்டுகள் சாகாவரம் பெற்றவை அல்ல. கடையில் எழுதும் தட்டில் இருப்பது சாயம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைத் தின்னும். நம் கீழ்த்தஞ்சைப் புழுக்கத்தில் ஓட்டுக்கூரைக்குக் கீழே பீரோவில் எத்தனை நாள் தாங்கும்? போட்டவுடன் படித்தால் அதிர்ஷ்டம். திக்கித் திணறினால் க்னூ டிடிரெஸ்க்யூ என்றொரு கருவி இருக்கிறது. முதலில் படிக்கிற இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு, படிக்காத இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து முயற்சிக்கும். இரவு முழுவதும் ஓடவிட வேண்டியிருக்கும். ஓடட்டும்.

ஆகவே ஒவ்வொரு வட்டாரக் காரியாலயத்திலும், படிப்பகத்திலும், ஓடுகிற டிரைவ் உள்ள பழைய யந்திரம் ஒன்றை எடைக்குப் போடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் லினக்ஸ். பக்கத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி, கூடத்து யந்திரங்களுக்குக் கம்பி. தட்டுகள் ஒவ்வொன்றாக நகலாகட்டும், நகல்கள் படிக்க மட்டும் பகிரப்படட்டும். வேறொரு ஹார்ட் டிஸ்கில் இன்னொரு நகல் எடுத்து வேறொரு ஊரில் வைக்கட்டும். வெள்ளம் ஒரே ஊரை முழுக்கும் நாளும் உண்டு. சினிமாப் பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து இதையும் ஏற்றுங்கள் என்று கேட்கும் வாலிபர்களுக்குச் சொல்கிறோம்: அது வேறு சட்டம், இந்த யந்திரத்தில் வேண்டாம்.

தட்டு கொண்டுவருகிறவர்கள் உறையின்மேல் ஊர், ஆண்டு, என்ன விஷயம் என்று எழுதிக் கொண்டுவரவும். தட்டின் எழுத்துப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டாம். அந்தப் பக்கத்துப் பூச்சுதான் மெல்லியது. அதற்கு நேர் கீழேதான் விஷயம் இருக்கிறது. கீறினால் அதோடு போயிற்று. ஒட்டிய காகிதத்தை உரிக்கவும் வேண்டாம். அழுக்கிருந்தால் பளபளப்பான பக்கத்தை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கவும், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.